நெடுந்தொலைவுத் துப்பாக்கியும் கொழுப்புத் தோட்டாவும்

1857ஆம் ஆண்டின் இந்தியச் சிப்பாய்ப் புரட்சியைப் பற்றிக் கூறும் பாடநூல்களில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறும். பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவிய தோட்டாக்களைப் பல்லால் கடிக்க நேர்ந்ததனால் சிப்பாய்கள் கொதித்தெழுந்தனர் என்பதே அது. இவ்வாக்கியத்தை வகுப்பில் படித்த மாணவன் ஒருவன், “ஐயா, தோட்டாவை ஏன் கடிக்க வேண்டும்? அதற்கு ஏன் கொழுப்புத் தடவ வேண்டும்?” என்று வினவினான். உலோகத் தோட்டாவை மட்டுமே படங்களில் கண்டிருந்த அவனுக்கு அது புதிராக இருந்ததில் வியப்பில்லை. அவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், தொலைவில் உள்ள இலக்கைத் தாக்கும் துப்பாக்கியைப் பிரிட்டிஷ் படை தேடித் தெரிந்தெடுத்த வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும்.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பிரிட்டிஷ் படைவீரரும் கும்பினிச் சிப்பாய்களும் ஏந்தியது ‘பிரவுன் பெஸ்’ எனப்பட்ட மஸ்கட்டுத் துப்பாக்கி. அதன் குழல் உட்புறம் வழவழப்பானது. உருண்டையான ஈயக்குண்டு குழலின் விட்டத்தைவிடச் சிறியதாகையால் எளிதில் உள்ளே இறங்கும். ஆனால் சுடும்பொழுது குழலின் சுவர்களில் மோதி, எத்திசையில் வெளிப்படும் என்று உறுதி கூற இயலாதவாறு பறக்கும். 100 கெசத்துக்கு அப்பால் நிற்கும் ஒரு மனிதனை அதனால் குறிவைத்து வீழ்த்துவது அரிது.

குழலின் உட்புறத்தில் திருகுபோல் வரிப்பள்ளங்களை வெட்டினால், குண்டு பம்பரம்போல் சுழன்று நேராகச் செல்லும் என்பதை ஐரோப்பியர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அதுவே ரைபிள் துப்பாக்கி. எனினும், வரிகளைக் கவ்விப் பிடிக்கும் அளவுக்கு இறுக்கமான குண்டை வாய்ப்புறமாகத் திணிப்பது கடினம். போர்க்களத்தில் அதற்கு நேரமில்லை. இச்சிக்கலை 1849ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுப் படைத்தலைவர் மினியே தீர்த்தார். அவர் அமைத்த கூம்பு வடிவக் குண்டின் அடிப்பகுதி குழிவானது. அது தளர்வாக உள்ளே இறங்கும். மருந்து வெடித்ததும் அடிப்பகுதி விரிந்து வரிகளைப் பற்றிக்கொள்ளும்.

1851இல் பிரிட்டன் மினியே முறையை ஏற்றது. ஆயின் அத்துப்பாக்கியின் குழல் விட்டம் 0.702 அங்குலம். குண்டு பெரிது, ஆகவே வீரன் சுமக்கும் எடையும் பெரிது. 1852இல் தலைமைத் தளபதியான ஹார்டிஞ்சு பிரபு, பெயர்பெற்ற துப்பாக்கிக் கம்மியர் பலரிடம் மாதிரிகளைப் பெற்று என்பீல்டில் சோதனை நடத்தச் செய்தார். அதன் விளைவே 0.577 அங்குல விட்டமுள்ள 1853ஆம் ஆண்டு என்பீல்டு ரைபிள். அதன் குறிகாட்டியில் 900 கெசம் வரை அளவு குறிக்கப்பட்டிருந்தது.

தேடல் அத்துடன் நிற்கவில்லை. பொறியியலறிஞர் ஜோசப் விட்வொர்த் 0.45 அங்குல விட்டமும் அறுகோணத் துளையும் கொண்ட ரைபிளை உருவாக்கினார். 1857இல் ஹைத் நகரத்துச் சோதனையில், 500 கெசத் தொலைவில் என்பீல்டின் குண்டுகள் மையத்திலிருந்து சராசரியாக 2 அடிக்கு மேல் விலகின. விட்வொர்த்தின் குண்டுகளோ 5 அங்குலத்துக்கும் குறைவாகவே விலகின. ஆயினும் அதன் விலை மிகுதி; அதன் ஒடுங்கிய துளையில் மருந்துக் கசடும் விரைவில் படிந்தது. எனவே, படை என்பீல்டையே வைத்துக்கொண்டது. எடை, விலை, விட்டம், விலகல் என யாவற்றையும் எத்துணை நுட்பமாக அளந்து பார்த்தனர் என்பதை இச்சோதனைகள் காட்டுகின்றன.

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். அக்காலத் தோட்டா ஒரு காகிதக் குழாய். அதன் ஒரு பகுதியில் அளந்த வெடிமருந்தும் மறுபகுதியில் குண்டும் இருக்கும். ஒரு கை துப்பாக்கியைப் பிடித்திருப்பதால், வீரன் காகித முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டுவான். மஸ்கட்டுக் காலத்திலும் கடிக்கும் வழக்கம் இருந்ததே. புதியது கொழுப்புத்தான். என்பீல்டில் குண்டு, தன்னைச் சுற்றிய காகிதத்தோடு வரிப்பள்ளக் குழலினுள் வழுக்கி இறங்க வேண்டும். கசடும் இளக வேண்டும். அதற்காகவே குண்டிருக்கும் பகுதியில் மசகு பூசினர். தொலைதூரக் குறி தப்பாதிருக்கச் செய்த ஏற்பாடு இது.

அம்மசகு எதனால் ஆனது? விலங்குக் கொழுப்பும் தேன்மெழுகும் சேர்ந்த கலவை. எவ்விலங்கின் கொழுப்பு என்பதைக் கவனிப்பார் இலர். ஒருவர் மட்டும் கவனித்தார். வங்காளப் படையின் தலைமை நிருவாக அதிகாரியான கர்னல் டக்கர், சிப்பாய்களின் சமய உணர்வைப் புண்படுத்தாத மசகு என்று உறுதியாகும் வரை இத்தோட்டாக்களை அவர்களுக்கு வழங்கலாகாது என்று 1853ஆம் ஆண்டு டிசம்பரிலேயே எழுதினார். அவ்வெச்சரிக்கை கோப்பில் உறங்கியது.

அது முதல் எச்சரிக்கையும் அன்று. தமிழகத்தின் வேலூர்க் கோட்டையில் 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். தோற்சின்னம் பதித்த புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறிகளை நீக்குமாறு பிறந்த ஆணையும் அதற்குரிய காரணங்களுள் அடங்கும். சென்னை ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். அரை நூற்றாண்டுக்குள் அப்பாடம் மறக்கப்பட்டது.

1857ஆம் ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம் பயிற்சி நிலையத்தில் கொழுப்பைப் பற்றிய வதந்தி பரவியது. சிப்பாய்கள் தாமே விரும்பிய மசகைப் பூசிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. பின்னர், கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்றும் விதியை மாற்றியது. ஆயின் ஐயம் மசகிலிருந்து காகிதத்துக்குத் தாவிவிட்டது. ஏப்ரல் 24ஆம் நாள் மீரட்டில் குதிரைப்படைச் சிப்பாய்கள் 85 பேர் தோட்டாவை வாங்க மறுத்தனர். அன்று வழங்கப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே! நம்பிக்கை போனபின் விளக்கத்துக்கு மதிப்பேது? மே 9ஆம் நாள் அவர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. மறுநாளே புரட்சி வெடித்தது.

தோட்டா ஒன்றே காரணம் என்பது பிழை. 1856இல் அயோத்தி நாடு இணைக்கப்பட்டமையும், கடல்கடந்து பணிபுரிய வேண்டும் என்ற புதிய சேர்ப்புச் சட்டமும், வேறு பல குறைகளும் முன்பே குவிந்திருந்தன. குவிந்த மருந்துக்குத் தோட்டா பொறியாயிற்று. அதன் விளைவுகள் நம் கரையையும் தொட்டன. சீனத்துக்குச் சென்றுகொண்டிருந்த பிரிட்டிஷ் படையினரை எல்ஜின் பிரபு சிங்கப்பூரிலிருந்து கல்கத்தாவுக்குத் திருப்பினார். 1858இல் கும்பினி ஆட்சி முடிந்தது; 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசிடமிருந்து பிரிந்து இலண்டனின் நேரடி ஆட்சிக்குட்பட்டன.

புரட்சிக்குப்பின் இந்தியச் சிப்பாய்க்கெனத் தனி என்பீல்டு செய்யப்பட்டது. வெளித்தோற்றம் அதுவே, உட்புறமோ வரிகளற்ற வழவழப்பான குழல். ஆட்சியாளர் அவனை இனி நம்பவில்லை. 1866இல் பின்புறம் திறந்து உலோகத் தோட்டாவை இடும் சினைடர் முறையும் வந்தது. கடிக்கும் தேவையே ஒழிந்தது. ஒன்பது ஆண்டு முந்தி வந்திருப்பின் வதந்திக்கே இடமிருந்திராது.

900 கெசத்துக்கு அப்பால் இருந்த இலக்கை அளந்தவர்கள், துப்பாக்கியை ஏந்தி நின்ற மனிதனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கச் சொன்னவரின் மடலுக்கும் செவிசாய்க்கவில்லை. கருவியைத் தெரிந்தெடுப்போர் அதைக் கையாள்வோரின் உள்ளத்தையும் தெரிந்துகொள்ளல் வேண்டும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம். பிறருக்காகப் பாடநூலையும் பயிற்சிமுறையையும் தெரிந்தெடுக்கும் பொறுப்பிலுள்ள ஆசிரியராகிய நமக்கும் அது பொருந்தும். ‘ஏன்’ என்று கேட்ட அம்மாணவனுக்கு நான் கடமைப்பட்டவன்.