தேயிலைப் பெட்டி மேசை

மலேசியாவின் கேமரன் மலைக் கதையைச் சொல்ல வருகிறவர்கள் பங்களாவில் தொடங்கிப் பங்களாவிலேயே முடித்துவிடுவார்கள். 1930களில் துரைமார் கட்டிய இங்கிலாந்துப் பாணி வீடுகள், குளிர்காயும் கணப்பு, வாசலில் ரோஜாச் செடி. அதே மலையில் தொழிலாளர்களின் லயத்து அறைக்குள் என்ன சாமான் இருந்தது, எது எந்த மூலையில் இருந்தது என்பதைக் கேட்க ஆளில்லை. நான் அங்கே பிறந்து, அங்கிருந்தே விடுதிக்குப் படிக்கப் போனவள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டு நிலத்தைப் பற்றி எழுதிவைத்துப் போனார். ஆனாலும் தாப்பாவிலிருந்து சாலை ஏறி வர நாற்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1929இல் ரஸ்ஸல் என்ற வெள்ளைக்காரர், இலங்கையில் தேயிலை போட்டுப் பழகிய மில்னைச் சேர்த்துக்கொண்டு போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. கூலிக்கு ஆள் அனுப்புவதை இந்தியா 1938இல் நிறுத்திவிட்டது. ஆக, ஊரிலிருந்து நேராக இந்த மலைக்கு வர ஒன்பது வருடம்தான் வழி திறந்திருந்தது. என் தாத்தா அப்படி வந்தவரில்லை. பேராக்கில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆளைக் குறைத்தபோது, கப்பலேறித் திரும்பிப் போக மனமில்லாமல் மலை ஏறிவிட்டார். கொண்டு வந்தது ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பாய், ஒரு முருகன் படம். அம்மிக்கல்லையும் சுமந்து வந்தார் என்று பாட்டி சொல்வார். அதை மட்டும் நான் முழுக்க நம்பியதில்லை.

தோட்டம் கொடுத்தது சுவரும் கூரையும் தரையும். எங்கள் அறை பத்தடிக்குப் பத்தடி, முன்னால் அஞ்சடித் திண்ணை, பின்னால் அடுப்படி. சாமான் மாட்ட ஓர் ஆணிகூட அடித்துக் கொடுக்கவில்லை. உள்ளே இருந்ததெல்லாம் நாங்கள் சேர்த்தது.

முதலில் வந்தது கட்டில். கீழே கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தில் இருந்த எங்கள் சொந்தக்காரர்கள் வெக்கைக்குத் தரையில் பாய் விரித்துப் படுப்பார்கள். தரையில் படுப்பதுதான் சுகம் என்பார்கள். மலையில் அது நடக்காது. 1978 பிப்ரவரி 1 அன்று தானா ராத்தாவில் 7.8 டிகிரி பதிவானது. இந்த நாட்டில் பதிவானதிலேயே மிகக் குறைந்த வெப்பம் அது. சிமெண்டுத் தரை ராத்திரியில் ஐஸ் மாதிரி ஆகிவிடும். அதனால் செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, அரிசிச் சாக்கு விரித்து, அதன்மேல் பாய். கம்பளி இரண்டு பேருக்கு ஒன்று. கட்டிலுக்கடியில்தான் டிரங்குப் பெட்டியும் விறகும்.

மற்ற எல்லாத் தேவைக்கும் தேயிலைப் பெட்டிதான். ஒட்டுப்பலகையில் செய்து, விளிம்பெல்லாம் தகரப் பட்டை அடித்து, உள்ளே ஈயத்தாள் வைத்து வரும். முன்காலத்தில் உண்மையிலேயே ஈயம். எங்கள் காலத்தில் அலுமினியம், ஆனாலும் எங்கள் வாயில் ஈயத்தாள்தான். அடிபட்ட பெட்டியைத் தொழிற்சாலையில் ஒதுக்கிவைப்பார்கள். கணக்குப் பார்க்கும் கிராணியார் தலையாட்டினால் வீட்டுக்குக் கொண்டுவரலாம். படுக்க வைத்தால் அலமாரி. கவிழ்த்து வைத்தால் மேசை. ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, சேலைத் துண்டைத் திரையாகத் தொங்கவிட்டால் சாமி மாடம். தகர விளிம்பு விரலை அறுக்கும் என்பதால் அம்மா பழைய துணியைச் சுற்றித் தைத்துவிடுவார். உள்ளே வைத்த சட்டைக்கெல்லாம் தேயிலை மணம் ஏறிவிடும். பள்ளிக்கூடத்தில் யார் பெட்டிக்காரர், யார் கயிற்றுக் கொடிக்காரர் என்று மூக்கே சொல்லிவிடும்.

நான் படித்தது கவிழ்த்த பெட்டியில்தான். பக்கத்துப் பலகையில் பி.ஓ.பி. என்று கறுப்பு மையில் அச்சடித்திருக்கும். தூளின் தரத்துக்கான எழுத்துகள். ஆங்கிலத்தில் நான் முதலில் கூட்டி வாசித்தவை அந்த மூன்றுதான். ஈயத்தாளை உரித்து, சிம்னி விளக்குக்குப் பின்னால் சுவரில் ஒட்டிவைத்தது அப்பாவின் யோசனை. ஒரு விளக்கில் இரண்டு பேர் படிக்கலாம், மண்ணெண்ணெயும் மிச்சம். அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய், அவர்களும் ஒட்டிக்கொண்டார்கள்.

பலகைச் சுவர் இடுக்கில் பனிக்காற்று வரும். மரவள்ளி மாவில் பசை காய்ச்சித் தமிழ் நேசன் நாளிதழ்த் தாளை ஒட்டுவோம். தீபாவளிக்கு முன்னால் பழைய தாளின்மேல் புதிய தாள். அழகுக்கு ஒட்டியதா குளிருக்கு ஒட்டியதா என்றால் இரண்டுக்கும்தான். படங்கள் காலத்துக்கேற்ப மாறின: ஜப்பான்காரன் காலத்தில் சுபாஷ் சந்திர போஸ், 1957க்குப் பிறகு முதல் பிரதமர் துங்கு, அப்புறம் எம்.ஜி.ஆர். முருகனை மட்டும் யாரும் நகர்த்தவில்லை. நாள்காட்டி சீனன் கடையில் இனாமாகக் கிடைக்கும். ஒரே வீட்டில் நாலு தொங்கும்.

ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணை 1963இல் முடிந்தது. எங்கள் மலைத் தண்ணீரில் மின்சாரம் பிறந்து, கீழ்நாட்டுக்குப் போயிற்று. எங்கள் லயத்துக்கு அது வந்து சேர வெகுநாள் ஆயிற்று.

எழுபதுகளில் ஈப்போவில் விடுதிக்குப் போனேன். இரும்புக் கட்டில், மேசை, நாற்காலி, மரப்பீரோ. அறையில் நாலு பேர். மற்ற மூன்று பெண்களும் இடம் போதவில்லை என்று முதல்நாளே அழுதார்கள். எனக்கு நாற்காலிதான் வியப்பாக இருந்தது. அதுவரை தரையில் உட்கார்ந்து எழுதியவள், நிமிர்ந்து உட்கார்ந்ததில் முதுகு வலித்தது. துணிமணி கொண்டுபோனது ஒரு தேயிலைப் பெட்டியில். அதைக் கட்டிலோரம் கவிழ்த்துப் போட்டு, அம்மா பின்னிய விரிப்பைப் போட்டேன். ஒரு வாரத்தில் நாலு பேரின் புத்தகமும் அதன்மேல் ஏறிவிட்டது. சுவரில் தாள் ஒட்டப் பார்த்தபோது மட்டும் வார்டன் விடவில்லை.

லயத்து வீடுகளுக்கு அளவும் தரமும் கேட்ட சட்டம் 1966இல் வந்தது. 1990இல் அதற்குப் பதில் 446ஆம் சட்டம். எங்கள் பிள்ளைகள் மலையைவிட்டு இறங்கிப் போக, கொழுந்து பறிக்க வங்காளதேசத்து, நேப்பாளத்துப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்கள் தங்குவது கூட்டு விடுதியில். 2020இல் வந்த விதிகள் உள்ளே இருக்க வேண்டிய சாமானையே பெயர் சொல்லிக் கேட்கின்றன: ஆளுக்கு மூன்று சதுர மீட்டர் படுக்கை இடம், தனிக் கட்டில், நாலு அங்குல மெத்தை, தலையணை, போர்வை, பூட்டுப் போட்ட அலமாரி. அந்த அலமாரி 35 சென்டிமீட்டர் அகலம், 90 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் போதுமாம். சிறிசுதான்.

ஆனாலும் அந்தப் பட்டியலில் எதை முதலில் கேட்பாய் என்றால் மெத்தையைச் சொல்ல மாட்டேன், பூட்டைத்தான் சொல்வேன். எங்கள் அறையில் பூட்டு இருந்த ஒரே சாமான் டிரங்குப் பெட்டி. பிறந்த சூரா என்கிற பிறப்புச் சான்றிதழ்களும், குடியுரிமை இல்லாத பாட்டியின் சிவப்பு அடையாள அட்டையும் அதில்தான். குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று 1969இல் சட்டம் கெடுபிடியானபோது, தோட்டம் தோட்டமாக ஆட்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பாட்டி அந்தச் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்ததே இல்லை, குளிக்கும்போதுகூட.