பெருங்களத்தூர் கற்றுக்கொடுத்த சஸ்பென்ஷன் பாடம்



ஜீப், தார் பிரியர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் 'லிஃப்ட்' பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்கள். உயரமான ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் போட்டு, வண்டியை ஓரிரு அங்குலம் தூக்குவதுதான் லிஃப்ட். எந்த ஸ்பிரிங் நல்லது என்று எல்லோரும் தேடுகிறார்கள். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் ஆக்சில் எப்படிப்பட்டது?

இந்தக் கேள்விக்கு நம் தாம்பரத்துக்கு அடுத்த பெருங்களத்தூரில் ஒரு வரலாறே இருக்கிறது.

ஜி.எஸ்.டி. சாலையில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியைப் பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும். 1948-ல் தொடங்கிய இந்த நிறுவனம், 1961-ல் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு காரை இங்கே தயாரிக்க ஆரம்பித்தது. நான்கு சக்கரங்களும் தனித்தனியாக ஏறி இறங்கும் கார் அது. அன்று அது பெரிய விஷயம்!

ஆனால் பின்பக்கம் ஒரு சிக்கல் இருந்தது. குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங். நடுவில் சேஸிஸோடு இணைந்த டிஃபரன்ஷியல். அதிலிருந்து இரண்டு பக்கமும் ஊசலாடும் அரை ஆக்சில்கள். பறவை சிறகை ஏற்றி இறக்குவது போல நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்களும் மூட்டைகளும் ஏறினால் ஸ்பிரிங் தாழ்ந்து, சக்கரங்களின் அடிப்பக்கம் வெளியே விரியும். டயரின் உள்விளிம்பு தேயும். வண்டி உயர்ந்தாலோ நேர்மாறு. சக்கரங்களின் அடிப்பக்கம் உள்ளே மடங்கும். வளைவில் வேகமாகத் திரும்பினால் ஆபத்து. ஆக, இப்படிப்பட்ட காரை ஸ்பிரிங் மட்டும் மாற்றித் தூக்குவது சரிவராது.

நம் ஊர் வாடிக்கையாளர்களுக்கும் சரி, மெக்கானிக்குகளுக்கும் சரி, இந்த அமைப்பு பிடிக்கவில்லை. இங்கிலாந்திலும் இதே தலைவலிதான். அங்கே 1970-ல் ஸ்பிட்ஃபயர் காருக்கு ஸ்பிரிங் அமைப்பையே மாற்றினார்கள். பெருங்களத்தூர்க்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1972-ல் வந்த ஸ்டாண்டர்ட் கெஸல் காரில் அதே 948 சி.சி. எஞ்சினை வைத்துக்கொண்டு, பின்னால் ஒரே தண்டாக நீளும் உறுதியான ஆக்சிலைப் பொருத்தினார்கள்.

இது பின்னோக்கிய அடி போலத் தோன்றும். ஆனால் ஒரே தண்டு என்பதால், ஸ்பிரிங் தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் இரண்டு சக்கரங்களும் சாலைக்கு நேராகவே நிற்கும். பழைய ஜீப்புகளைச் சுலபமாகத் தூக்க முடிவதும் இதனால்தான்.

கெஸல் 1977-ல் நின்றது. 1985-ல் அதே கம்பெனி ஸ்டாண்டர்ட் 2000 காரைக் கொண்டுவந்தது. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது பெற்ற ரோவர் எஸ்.டி.1-ன் இந்திய வடிவம் அது. நம் சாலைக்காக சஸ்பென்ஷனை எளிமையாக்கி, தரையிலிருந்து காரின் உயரத்தையும் கூட்டினார்கள். அதாவது தொழிற்சாலையிலேயே செய்த லிஃப்ட்!

உயரம் கூடியது, வெற்றி கூடவில்லை. அந்தப் பெரிய உடலை இழுக்கப் பழைய வேன்கார்டு காலத்து எஞ்சினையே வைத்திருந்தார்கள். 1988-ல் உற்பத்தி நின்றது. அந்தக் கம்பெனியை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் எத்தனை! ஒரு பாகத்தை மட்டும் சரிசெய்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சோகமான உதாரணம் வேண்டாம். அந்த நிலத்தில் இன்று ஐ.டி. அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன.

ஸ்பிரிங், ஷாக் தேர்வுக்கும் இதே பாடம்தான். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அதன் துள்ளலை அடக்குவது ஷாக். உயரமான ஸ்பிரிங்குக்குப் பழைய குட்டை ஷாக்கையே விட்டால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஷாக் முழுதாக நீண்டு இழுபடும். அளவுக்கு மீறி நீளமாக இருந்தால், மேட்டில் ஏறும்போது முழுதாக அமுங்கி இடிக்கும். கடினமான ஸ்பிரிங் அதிக வேகத்தில் திரும்பி எழும், அதை அடக்க வலுவான ஷாக் வேண்டும். பிரேக் ஹோஸின் நீளமும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணமும்கூடக் கணக்கில் வரும். எப்போதும் காலியாக ஓடும் வண்டிக்கு லோடு வண்டியின் ஸ்பிரிங் போட்டால் முதுகுதான் வலிக்கும்.

அதே ஜி.எஸ்.டி. சாலையில் இன்னும் தெற்கே போனால் மகிந்திரா வேர்ல்டு சிட்டி. அங்குள்ள ஆராய்ச்சி மையத்தில் உருவானதுதான் 2020-ல் வந்த தார். முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன். பின்னால்? காயில் ஸ்பிரிங்கோடு அதே ஒற்றைத் தண்டு ஆக்சில்!

ஆகவே நண்பர்களே, ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டியது விளம்பரம் அல்ல. நீங்கள் போகும் பாதையும், ஏற்றும் சுமையும், கீழே இருக்கும் ஆக்சிலும்தான். பெருங்களத்தூர் அதை 1972-லேயே சொல்லிவிட்டது.