பனியில் நிற்கும் கோயில்கள்: ஜப்பானிய அச்சோவியம் காட்டும் வரலாறு

பனி படர்ந்த கோயில்களைக் காட்டும் ஜப்பானிய மரப்பலகை அச்சோவியங்களை அமைதியின் சின்னங்களாகவே பலரும் போற்றுகின்றனர். எனினும், அவற்றுட் சில பேரழிவுகளை அடுத்துத் தோன்றியவை என்பதை வரலாறு உணர்த்துகிறது.

1855ஆம் ஆண்டு, இன்று தோக்கியோ எனப்படும் எடோ நகரை நிலநடுக்கம் உலுக்கியது. அசக்குசாவிலுள்ள பௌத்தக் கோயிலின் ஐந்தடுக்குக் கோபுர உச்சி வளைந்துபோயிற்று. மறு ஆண்டு ஹிரோஷிகே படைத்த ஓவியத்தில் அக்கோபுரம் பனியினூடே நிமிர்ந்து நிற்கிறது. சீரமைக்கப்பட்ட கோபுரத்தைக் கொண்டாடும் படைப்பு அது என ஆய்வாளர் சிலர் கருதுவர்.

1923 செப்டம்பர் 1 அன்று தோக்கியோ மீண்டும் நிலநடுக்கத்திற்கும் தீக்கும் இரையானது. பதிப்பாளர் வாதனாபே ஷோசபுரோவின் அச்சுப் பலகைகள் எரிந்தன. ஓவியர் கவாசே ஹசுயியின் வரைவேடுகளும் அழிந்தன. ஹசுயி மீண்டும் பயணம் மேற்கொண்டு வரையத் தொடங்கினார். 1925இல் அவர் படைத்த ஓவியத்தில், சொஜோஜி கோயிலின் செந்நிற வாயிலருகே ஒரு பெண் குடை சாய்த்துப் பனிக்காற்றை எதிர்த்து நடக்கிறாள். 1622இல் எழுந்த அவ்வாயில் நிலநடுக்கத்தைத் தாங்கி நின்றது. 1945ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் கோயிலின் முதன்மை மண்டபம் எரிந்தபோதும் அது எஞ்சியது.

இத்தகைய ஓவியம் ஒருவர் கையால் முடிவதன்று. ஓவியர் வரைந்ததைச் செதுக்குநர் மரப்பலகையில் வெட்டுவார். வண்ணங்களுக்கெனத் தனித்தனிப் பலகைகள் அமையும். அச்சாளர் ஈரத்தாளைப் பலகைமேல் இட்டு, மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தேய்ப்பானால் அழுத்தித் தேய்ப்பார். பனி தோன்றவேண்டிய இடத்தைச் செதுக்குநர் வெட்டி நீக்கிவிடுவார். அங்கு வண்ணம் படியாத தாளின் வெண்மையே பெரும்பாலும் பனியாகிறது. ஆயினும் புகழ் ஓவியர் பெயருக்கே சேர்ந்தது.

1950இல் ஜப்பான் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. கைத்திறன்களும் அதன் காப்பிற்குள் வந்தன. அவ்வகையில் அரசுக் குழு ஒன்று ஹசுயியிடம் புதிய அச்சோவியத்தைக் கோரியது. 1953இல் சொஜோஜி மீண்டும் பனியில் உருப்பெற்றது. அதன் ஆக்கமுறை படிப்படியாகப் பதிவு செய்யப்பட்டது. பொருளைப் பெட்டகத்தில் வைத்துக் காக்கலாம். திறனையோ செய்து காட்டியும் கற்பித்துமே காக்க இயலும் என்பதை மாணவர்க்கு உணர்த்த இது தக்க சான்று.

ஹசுயி 1957இல் மறைந்தார். ஹிராய்சுமியின் பொன்மண்டபத்தை நோக்கித் துறவி ஒருவர் பனியில் தனியே செல்லும் காட்சியே அவரது இறுதிப் படைப்பு. அவர் மறைவுக்குப் பின் அதனை நிறைவு செய்தவர்கள் உடனுழைத்த கைவினைஞர்களே.