அச்சாரம்

விலை பேசி முடித்ததும் வாங்குபவர் கையோடு கொடுக்கும் முன்பணம். ‘உண்மையாக்குதல்’ என்று பொருள்படும் ‘சத்யங்கார’ என்ற வடசொல், பிராகிருதம் வழியே இப்படித் திரிந்தது என்பார்கள். வீட்டுக்கோ மாட்டுக்கோ அச்சாரம் வாங்கிவிட்டவர் அப்புறம் வேறு ஆளிடம் விலை பேசுவது முறையல்ல.

தமிழ் வேதாகமத்தில் இச்சொல் பரிசுத்த ஆவியைக் குறிக்கிறது (2 கொரிந்தியர் 1:22, 5:5, எபேசியர் 1:14). மூன்றிடத்திலும் கிரேக்க மூலம் ‘அர்ரபோன்’. செமித்திய மொழியிலிருந்து கிரேக்கம் கடன்பெற்ற வணிகச் சொல். அதன் எபிரேய வடிவம் ஆதியாகமம் 38இல் உண்டு. தருவதாகச் சொன்ன ஆட்டுக்குட்டியை அனுப்பும்வரை ஈடாக யூதா தன் முத்திரையையும் கைக்கோலையும் தாமாரிடம் கொடுக்கிறான். ஈடு, கடன் தீர்ந்ததும் திரும்பிப் போய்விடும். அச்சாரம் திரும்பாது, மொத்த விலையில் கழியும். அதுவும் விலையின் ஒரு பகுதிதான்.

இந்தக் கடிதங்களில் பவுல் சொல்வதில் என்னை ஈர்ப்பது இதுவே. முன்பணம் தருபவர் கடவுள். அவருடைய வாக்குத்தத்தம் மறுமைக்குத் தள்ளிவைத்த வெறும் பேச்சல்ல. வரப்போகும் வாழ்வின் ஒரு பங்கு இன்றே விசுவாசியின் கையில் இருக்கிறது. பாக்கிக்காகக் காத்திருக்கும்போதே வந்ததைக் கொண்டு மனநிறைவோடு வாழலாம். துயரமே இல்லை என்று பவுல் சொல்லவில்லை: 2 கொரிந்தியர் 5:4இல் உடலென்னும் கூடாரத்தில் பாரம் சுமந்து தவிக்கிறார், அடுத்த வசனத்தில் அச்சாரம், அதற்கடுத்து, தைரியம்.

இன்றைய கிரேக்க மொழியில் ‘அர்ரபோன்’ என்ற சொல்லின் வழிவந்த ‘அர்ரவோனாஸ்’ திருமண நிச்சயத்தைக் குறிக்கிறது.