இரு மேசைகள்: சீனாவின் எழுச்சியும் இலங்கையின் கடனும்

2024 ஜூன் 26 அன்று இலங்கை ஒரே நாளில் இரண்டு நகரங்களில் கடன் மறுசீரமைப்பு உடன்பாடுகளைச் செய்துகொண்டது. பாரிஸில், இந்தியாவும் ஜப்பானும் பிரான்ஸும் இணைத்தலைமை வகித்த கடன்வழங்கு நாடுகளின் குழுவுடன் 5.8 பில்லியன் டொலருக்கு. பீஜிங்கில், சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியுடன் 4.2 பில்லியன் டொலருக்கு. எழுந்துவரும் வல்லரசை அடக்குவதா, அதற்கு அடங்கிப்போவதா என்று மட்டும் கேட்கும் கோட்பாடுகளால் இந்த இரு மேசைகளை விளக்க முடியாது.

1956இல் ஆர்ஜென்டீனாவின் கடனுக்காக முதலில் கூடிய, கடன்வழங்கு நாடுகளின் அமைப்பான பாரிஸ் கழகம் ஒரு விதியைக் காத்துவருகிறது: கடன் கொடுத்தவர் எவருக்கும் தனிச் சலுகை இல்லை. கழகத்தில் சேராத சீனா, இலங்கைக்கான குழுவிலும் உறுப்பினராகாமல் தனியே பேசியது. கழகத்தால் அதைத் தடுக்க முடியவில்லை. விதியை மட்டும் காப்பாற்றிக்கொண்டது. அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. கழகத்தின் உறுப்பினர் அல்லாத இந்தியாவுக்குத் தலைமையில் பங்கு கொடுத்தது. சீனா உயர்ந்ததால் அதன் அயல்நாடும் பழைய வல்லரசுகளின் மேசையில் இடம்பிடித்தது என்பதே இதில் நான் காணும் முக்கியமான செய்தி.

அயல்நாடான இந்தியாவின் பதில் இன்னும் நேரடியானது. யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான காற்று, சூரிய கலப்பு மின்திட்டம் 2021 ஜனவரியில் சீன நிறுவனமொன்றுக்குப் போனது. தமிழகக் கரைக்கு இவ்வளவு அருகில் சீனாவா என்று டெல்லி எதிர்ப்புத் தெரிவித்தது. அந்த டிசம்பரில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கரிசனையால் திட்டம் நிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. அதே மாதத்தில்தான் சீனத் தூதுவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து வேட்டி கட்டி நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டார். 2022 மார்ச்சில் திட்டம் இந்தியாவின் கைக்கு மாறியது, அதுவும் கடனாக அல்ல, நன்கொடையாக. போட்டியால் தீவுகளுக்கு இலாபம் என்றே இதைச் சொல்லலாம். ஆனால் அந்தத் தீவுகளில் டீசல் மின்பிறப்பாக்கியை நம்பி வாழ்ந்தவர்கள் அங்குள்ள மக்கள்தான். இரு நாடுகளுக்கும் அது பாக்கு நீரிணையோரத்து நிலம். அங்கே வாழ்பவர்கள் கணக்கில் வரவில்லை.

எல்லாப் பழியையும் சீனாவின் 'கடன் பொறி' மேல் போடுவதும் சரியல்ல. இலங்கை அரசின் வெளிநாட்டுக் கடனில் தனியார் வாங்கிய பிணைமுறிகளே மிகப் பெரிய தனிப் பங்காக இருந்தன. கொழும்பின் சொந்தக் கொள்கையும் டொலர் வரவைக் குறைத்தது. 2022 மார்ச் வரை கொழும்பு டொலரை ஏறத்தாழ 200 ரூபாயில் பிடித்துவைத்திருந்தபோது உண்டியல் எனும் வங்கிசாரா பணமாற்றில் அதைவிடக் கூடுதல் விலை கிடைத்தது. புலம்பெயர்ந்தோர் அனுப்பிய காசில் ஒரு பகுதி வங்கிக்குப் போகாததற்கு அதுவே காரணம்.

பாரிஸின் தமிழ்க் கடைவீதியான லாச்சப்பலில் கடை வைத்திருப்பவர்களிலும் அங்கே காய்கறி வாங்க வருபவர்களிலும் யாழ்ப்பாணத் தீவகத்தார் பலர். பாரிஸ் கழகத்தின் செயலகம் இதே நகரில், பெர்சியில் உள்ள பிரெஞ்சு நிதியமைச்சில்தான் இயங்குகிறது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் இதைக் கேட்க வேண்டும்: பிரான்ஸ் இணைத்தலைமை வகித்துச் செய்த உடன்பாட்டின் முழு நிபந்தனைகளும் அந்தத் தீவுகளின் மக்கள் வாசிக்கத் தமிழில் எப்போது வெளியாகும்?