இரண்டு முறை பிறந்த கார்

புதுச்சேரி பீச் ரோட்டில் காலையில் நடக்கப் போகிறவர்களுக்கு மேரி கட்டடத்தின் கதை தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் 1870-களின் தொடக்கத்தில் கட்டிய நகர மன்றம் அது. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மறுபடி எழுப்பி, 2021-இல் திறந்தார்கள். அந்தத் தூண்களைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். பழைய பொருள் ஒன்றைத் திரும்பச் செய்யும்போது எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது? எனக்குக் கிடைத்த நல்ல பதில் ஒரு பிரெஞ்சுக் காரின் கதையில் இருக்கிறது.

காரின் பெயர் ஆல்பின் ஏ110. பிறந்த ஊர் தியெப். பிரான்சின் நார்மண்டிக் கரையில், நம் ஊரைப் போலவே கடலைப் பார்த்திருக்கும் ஊர். அங்கே ரெனோ கார் விற்றுக்கொண்டிருந்தவர் ழான் ரெதெலே. 1922-இல் பிறந்தவர். போருக்குப் பின் வந்த ரெனோ 4சிவி என்ற சின்னக் குடும்பக் காரை எடுத்துக்கொண்டு பந்தயங்களுக்குப் போனார். பின்பக்கம் இருந்த அதன் குட்டி எஞ்சினிலிருந்து கறக்கக்கூடிய வேகத்துக்கு ஓர் எல்லை இருந்தது. ஆகவே எடையைக் குறைக்கும் வழியைத் தேடினார். 1954-இல் ஆல்ப்ஸ் மலைச் சாலைகளில் நடந்த பந்தயத்தில் அவருக்கு வெற்றி கிடைத்தது. வளைந்து வளைந்து ஏறும் அந்தச் சாலைகளில் ஓட்டிய மகிழ்ச்சியை மறக்க முடியாமல், 1955-இல் தொடங்கிய நிறுவனத்துக்கு ஆல்பின் என்றே பெயர் வைத்தார்.

எடை குறைக்க அவர் கையில் எடுத்தது கண்ணாடி இழை. வம்பாகீரப்பாளையம் மீனவர்கள் கடலுக்குக் கொண்டுபோகிறார்களே ஃபைபர் படகு, அதே இனம். தகரத்தை விட லேசானது, துருப் பிடிக்காது, பெரிய அச்சு எந்திரம் இல்லாத சின்னப் பட்டறையிலும் வார்க்கலாம். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவானி மிக்கெலோத்தி வரைந்த முந்தைய மாடலின் சாயலை வளர்த்தெடுத்து, 1962 பாரிஸ் கண்காட்சியில் ஏ110-ஐ அறிமுகப்படுத்தினார்கள். நடுவே முதுகெலும்பு போல ஓர் எஃகுத் தண்டு, அதன் மேல் ஃபைபர் உடல், பின்சக்கரங்களுக்கும் பின்னால் எஞ்சின். உயரம் 1.13 மீட்டர்தான், பக்கத்தில் நின்றால் கூரை நம் நெஞ்சைக்கூட எட்டாது. எடை சுமார் 700 கிலோ.

அந்த எடைதான் மலைச் சாலைகளில் பெரிய கார்களை வென்றது. 1973-இல் உலக ராலி சாம்பியன்ஷிப் முதன்முதலாக நடந்தபோது, மான்தே கார்லோவில் முதல் மூன்று இடங்களும் ஏ110-க்கே. அந்த ஆண்டின் தயாரிப்பாளர் பட்டமும் ஆல்பினுக்குத்தான். அதே ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்தது. நிறுவனம் ரெனோவின் கைக்குப் போனது. 1977-இல் ஏ110 நின்றது, 1995-இல் ஆல்பின் என்ற பெயரே நின்றது. ஆனால் தியெப் தொழிற்சாலை மூடவில்லை. ரெனோவின் வேகக் கார்களைச் செய்துகொண்டிருந்ததால், அங்கிருந்தவர்களின் கைத்தொழில் உயிரோடு இருந்தது. ரெதெலே 2007-இல் காலமானார். தன் காரின் மறுபிறப்பைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

2012-இல் ரெனோவும் இங்கிலாந்தின் கேட்டர்ஹாம் நிறுவனமும் சேர்ந்து மறுபிறப்புக்கு வேலை தொடங்கின. 2014-இல் கூட்டாளி விலகிக்கொண்டது. ரெனோ விடவில்லை, 2017 மார்ச்சில் ஜெனீவாவில் புதிய ஏ110 வந்து நின்றது. நான்கு முன்விளக்குகள், பானெட்டின் நடுவே ஓடும் மேடு, நீல நிறம் என்று பழைய அடையாளங்கள் அப்படியே இருந்தன.

உள்ளே நடந்த வேலையைத்தான் நான் கிட்டே போய்ப் பார்க்கச் சொல்வேன். ஃபைபர் போய் அலுமினியம் வந்தது. வால் கனத்துத் திருப்பத்தில் அலைய வைத்த எஞ்சின், பின்சக்கரங்களுக்கு முன்னால் நகர்ந்தது. பின்சக்கரத்தில் கைப்பிரேக்குக்கென்று தனியாக ஒரு காலிப்பர், அதாவது பிரேக் பிடிப்பான், வைப்பது பல கார்களில் வழக்கம். பிரெம்போ நிறுவனத்தோடு சேர்ந்து, ஓடும்போது பிடிக்கும் காலிப்பருக்குள்ளேயே அதையும் அடக்கினார்கள். மிச்சம் 2.5 கிலோ. ஓர் இருக்கையின் எடை 13.1 கிலோ. இப்படிப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த மிச்சத்தால், பாதுகாப்புச் சட்டங்களால் கார்கள் எல்லாம் கனத்துவிட்ட இந்தக் காலத்திலும் கார் 1,080 கிலோவில் நின்றது. 252 குதிரைத்திறன் எஞ்சினோடு 4.5 விநாடியில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. முதல் பதிப்பில் 1,955 கார்கள். நிறுவனம் பிறந்த ஆண்டே எண்ணிக்கை ஆனது.

பிறகு புதுப் புதுப் பதிப்புகள் வந்தன. 2022-இன் ஏ110 ஆர் பின்கண்ணாடியையே துறந்து கார்பன் மூடி போட்டுக்கொண்டது, சக்கரங்களும் கார்பன். 300 குதிரைத்திறன் வந்தும் எடை 1,082 கிலோதான். லே மான் பந்தயத்தின் நூற்றாண்டுக்கு 100 கார்கள். 2024-இல் 345 குதிரைத்திறனோடு வந்த ஆர் அல்டிம் 110 கார்கள் மட்டும்.

ஒரகடத்தில் ரெனோ ஆலை இருக்கிறது. ஆனாலும் இந்த ஆல்பின் நம் நாட்டில் விற்பனைக்கு வரவில்லை. வராவிட்டாலும் அதன் பாடம் நமக்கு வேண்டியதுதான். தியெப்காரர்கள் பொருளை மாற்றினார்கள், எஞ்சின் இடத்தைக்கூட மாற்றினார்கள். ரெதெலே முதல் நாள் பிடித்துக்கொண்ட எடைக் கணக்கை மட்டும் மாற்றவில்லை. அதனால்தான் அது ஏ110.

புதுச்சேரித் தமிழ்த் தெருக்களில் பழைய வீட்டை இடித்துக் கட்ட நினைப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. திண்ணைத் தூணின் அச்சை எடுப்பதற்கு முன், வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கவும் உட்காரவும் அந்தத் திண்ணை ஏன் போடப்பட்டது என்று ஒரு முறை யோசியுங்கள். சிமெண்டில் கட்டினாலும் பரவாயில்லை, திண்ணைக்குக் கம்பிக் கதவு போட்டு மூடிவிடாதீர்கள்.