திருச்சிச் சுருட்டு

திருச்சிச் சுருட்டு என்பது 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளியிலும் அதன் பகுதியான உறையூரிலும் கையால் சுருட்டப்பட்டு உலகச் சந்தைக்குச் சென்ற புகையிலைச் சுருட்டு ஆகும். ஆங்கிலேயர் இதை ஊரின் பெயராலேயே 'டிரிச்சினாப்பொலி' என்று அழைத்தனர். இதற்கான இலை பெரும்பாலும் திண்டுக்கல் வட்டாரத்தில் விளைந்தது. ஐரோப்பியருக்கான உயர்தர வகைகளுக்கு மேலே சுற்றும் இலை சுமத்ரா, ஜாவா தீவுகளிலிருந்து வந்தது. திருச்சியின் பங்கு இலையைப் பதம் பார்ப்பதும், சுருட்டுவதும், கெடாமல் வைத்து அனுப்புவதுமாகும். அந்தக் கைவேலையே சுருட்டுக்கு ஊரின் பெயரைத் தந்தது.

பெயர்

சுருட்டு என்னும் தமிழ்ச்சொல் 'சுருள்' என்பதை அடியாகக் கொண்டது. இச்சொல்லே போர்த்துக்கீசியத்தில் 'சாருட்டோ' என்றும் ஆங்கிலத்தில் 'செரூட்' என்றும் ஆனது. தெலுங்கில் இதற்கு இணையான சொல் 'சுட்ட'. ஆங்கிலத்தில் 'சிகார்', 'செரூட்' ஆகிய இரு சொற்களும் வேறுபட்ட பொருளில் வழங்குகின்றன. சிகாரின் வாயில் வைக்கும் முனை மூடியிருக்கும். புகைப்பவர் அதை வெட்டிக்கொள்ள வேண்டும். செரூட்டின் இரு முனைகளும் தயாரிக்கும்போதே வெட்டப்பட்டுத் திறந்திருக்கும். தமிழில் இரண்டுக்கும் சுருட்டு என்ற ஒரே பெயர்தான்.

புகையிலையின் வருகை

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவிற்கு வந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீஜப்பூரிலிருந்து அக்பரின் அரசவைக்கு இது கொண்டுசெல்லப்பட்டது. அவர் மகன் ஜஹாங்கீர் 1617இல் புகைப்பதைத் தடை செய்தார். அந்தத் தடை நிலைக்கவில்லை.

வட இந்திய அரண்மனைகளில் ஹூக்கா பரவியபோது, கிழக்குக் கடற்கரையின் எளிய மக்கள் இலையை அப்படியே சுருட்டிப் புகைத்தனர். 1669 முதல் 1679 வரை வங்காள விரிகுடா நாடுகளில் வணிகம் செய்த தாமஸ் பௌரி என்ற ஆங்கிலேயர் இதைக் கண்டு எழுதியிருக்கிறார். ஏழை மக்கள் இலையைச் சுருட்டி ஒரு முனையில் தீ வைத்து மறுமுனையை உதட்டில் பிடித்துப் புகைப்பதாகவும், போர்த்துக்கீசியர் இதைச் 'செரூட்டா' என்று அழைப்பதாகவும் அவர் குறிப்பிடுகிறார். அவர் பார்வையில் அது கீழ்த்தரமான பழக்கம். இரு நூற்றாண்டுகளுக்குள் அதே பொருள் லண்டன் கனவான்களின் கைக்குச் சென்றது.

திருச்சியும் திண்டுக்கல்லும்

திருச்சியில் பிரித்தானியரின் பெரிய படைமுகாம் இருந்தது. அங்கிருந்த படையினரும் அதிகாரிகளும் உள்ளூர்ச் சுருட்டின் முதல் ஐரோப்பிய வாடிக்கையாளர்கள். சென்னைக்கும் பிற முகாம்களுக்கும் மாற்றலாகிச் சென்றவர்கள் பழகிய சுருட்டைக் கேட்டு வாங்கினர். ஊர் திரும்பியவர்கள் அந்தச் சுவையை இங்கிலாந்துக்கும் கொண்டுசென்றனர்.

1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திற்கும் திருச்சிக்கும் இடையே ரயில் பாதை வந்தது. 1875இல் திண்டுக்கல் வழியாக மதுரைக்குப் பாதை நீண்டது. இலை வரவும் பெட்டிகள் துறைமுகம் போகவும் இது வழிசெய்தது.

பின்னர் இலை விளையும் இடத்திலேயே தொழிற்சாலைகள் எழுந்தன. சென்னையில் 1863இல் சார்லஸ் டூரண்ட், ஜே. டபிள்யூ. ஸ்பென்சர் ஆகியோர் தொடங்கிய ஸ்பென்சர் நிறுவனம், 1882இல் யூஜின் ஓக்ஷாட் என்பவரின் கைக்கு வந்தபின் பெரிதாக வளர்ந்தது. அது திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. அதன் சுருட்டுகள் மவுண்ட் ரோடு கடையிலும், ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும், கப்பல்களிலும் விற்பனையாயின. திண்டுக்கல்லில் சுருட்டு உருவானபோதும் வெளியுலகில் டிரிச்சினாப்பொலி என்ற பெயரே வழங்கியது.

தயாரிப்பு முறை

ஒரு சுருட்டில் மூன்று அடுக்குகள் உண்டு. நடுவில் இருப்பது உள்ளிலை. புகையின் காரமும் மணமும் இதிலிருந்தே வருகின்றன. அதைச் சுற்றிப் பிடித்து வைப்பது கட்டு இலை. வெளியே தெரிவது மேலிலை. இது மெல்லியதாகவும் ஓட்டையற்றதாகவும் இருக்க வேண்டும்.

திண்டுக்கல் வட்டாரத்தின் பழைய வகைகளில் ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் ஆகியவை பெயர்பெற்றவை. இந்த இலை தடிப்பானது; உள்ளிலைக்கும் கட்டு இலைக்கும் பொருந்துவது; மேலிலைக்கு அவ்வளவு ஏற்றதன்று. இதனாலேயே தீவுகளின் இலை தேவைப்பட்டது. பிற்காலத்தில் வங்காளத்தின் கூச் பிகார் மாவட்டத்தில் விளையும் இலையும் மேலிலையாகப் பயன்பட்டது. விடுதலைக்குப் பின் ராஜமுந்திரியில் மத்திய புகையிலை ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தபோது, சுருட்டுப் புகையிலைக்கான ஆராய்ச்சி நிலையம் திண்டுக்கல் அருகே வேடசந்தூரில் நிறுவப்பட்டது.

அறுத்த இலையை வெயிலிலும் நிழலிலும் உலர்த்திப் போராக அடுக்குவர். போரின் உள்ளே சூடு ஏறும். அது அளவு மீறாமல் இருக்க அடியிலுள்ளதை மேலும் மேலுள்ளதை அடியுமாக மாற்றி அடுக்குவர். இதுவே பாடம் செய்தல். பச்சை நெடி நீங்கி இலை பழுப்பேறுவது இந்தக் கட்டத்தில்தான். பின் இலையை நனைத்துத் துவளச் செய்து, நடு நரம்பை உரித்தெடுத்து, பலகையில் வைத்துச் சுருட்டுவர். இறுக்கம் கூடினால் புகை வராது. தளர்ந்தால் வேகமாக எரிந்து நாக்கைச் சுடும். இதை அளக்கக் கருவி இல்லை; சுருட்டுபவரின் விரலே அளவு.

பேணும் முறை

சுருட்டை விரும்புவோர் அதைச் சுருட்டுவதற்கு இணையாக வைத்துப் பேணுவதையும் ஒரு கலையாகக் கருதுகின்றனர். புகையிலை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். காற்று வறண்டால் தன் ஈரத்தை இழக்கும். காய்ந்த சுருட்டு சூடாக எரிந்து கசக்கும், மேலிலை வெடிக்கும். ஈரம் மிகுந்தது ஒருபக்கமாக எரியும், அடிக்கடி அணையும். செரூட்டின் இரு முனைகளும் திறந்திருப்பதால் அது இன்னும் விரைவில் காயும்.

இன்று பொதுவாகச் சொல்லப்படும் அளவு 65 முதல் 70 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் 18 முதல் 21 பாகை செல்சியஸ் வெப்பமும் ஆகும். இதற்கென மரப்பெட்டிகள் உண்டு. ஆங்கிலத்தில் 'ஹியூமிடார்' எனப்படும் இவற்றின் உட்புறம் பெரும்பாலும் ஸ்பானிய செடார் என்னும் மரத்தால் ஆனது. பெயரில் ஸ்பானியம் இருந்தாலும் அது அமெரிக்கக் கண்டத்து மரம். வேப்பமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் நெருங்கிய உறவான சந்தன வேம்பு இந்திய மலைகளில் வளர்கிறது. லேசாகவும் மணமாகவும் இருக்கும் அதன் மரம் இந்தியாவில் சுருட்டுப் பெட்டிகள் செய்யப் பயன்பட்டது.

தமிழ்நாட்டின் தட்பவெப்பம் இந்த அளவுகளுக்கு எளிதில் இணங்காது. சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, பூந்தமல்லி ஆகிய இடங்களுக்குக் கடற்காற்று நகரின் கரையோரத்தைவிடத் தாமதமாகவே எட்டும். மே மாதப் பிற்பகல்களில் அங்கு வெப்பம் சில நாட்கள் 40 பாகையைத் தாண்டும், சுருட்டு காயும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் 80 விழுக்காட்டிற்கு மேல் போகும், பூஞ்சை படரும். ஆக, ஒரே வீட்டில் ஒரே பெட்டிக்குக் கோடையில் ஈரம் ஊட்டவும் மழைக்காலத்தில் ஈரம் குறைக்கவும் வேண்டியிருக்கிறது.

ஈரமானி சரியாகக் காட்டுகிறதா என்று அறியச் சமையல் உப்பே போதும். சிறிது நீர் விட்டுக் குழைத்த உப்பை ஒரு மூடியில் எடுத்து, ஈரமானியுடன் காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால், சில மணி நேரத்தில் உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிற்கும். கருவி காட்டும் எண்ணுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடே அதன் பிழை.

சுருட்டின் பெரும்பகை சிகரெட் வண்டு. மஞ்சளையும் மல்லியையும் துளைக்கும் அதே பூச்சிதான் இது. புகையிலையில் இருக்கும் முட்டைகள் சுமார் 24 பாகைக்கு மேல் எளிதில் பொரியும். சென்னையில் அந்த வெப்பம் ஆண்டின் பெரும்பகுதி உண்டு. ஊசித் துளைபோன்ற ஓட்டைகளும் மெல்லிய தூளும் இதன் அடையாளம். சுருட்டைக் காற்றுப்புகாத பையில் கட்டிச் சில நாட்கள் உறைநிலைக்குக் கீழ் வைத்து, பின் மெல்ல அறை வெப்பத்திற்குக் கொண்டுவருவது தற்கால முறை. குளிர்பதனம் இல்லாத காலத்தில், நன்கு பாடம் செய்த இலையும், இறுக மூடிய பெட்டியும், அடிக்கடி திறந்து பார்க்கும் கவனமுமே காப்பாக இருந்தன.

ஆங்கில இலக்கியத்தில்

ஆர்தர் கோனன் டாயில் 1887இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைக் கொண்டே கொலையாளி புகைத்தது டிரிச்சினாப்பொலி சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். 1890இல் வந்த இரண்டாவது நாவலிலும் இதன் கருஞ்சாம்பல் பேசப்படுகிறது. அதே நாவலில் கோதாவரி ஆற்றின் 'லங்கா' திட்டுகளில் விளைந்த புகையிலைச் சுருட்டும் இடம்பெறுகிறது. விளக்கம் தராமலே இந்தப் பெயரை எழுதும் அளவிற்கு லண்டன் வாசகர்களுக்குத் திருச்சி அறிமுகமாகியிருந்தது.

வின்ஸ்டன் சர்ச்சில் இச்சுருட்டின் ரசிகர் என்பது திருச்சியில் பெருமையுடன் சொல்லப்படும் செய்தி. அவர் 1896இல் இளம் படையதிகாரியாகப் பெங்களூர் வந்தவர். அதற்கு முந்தைய ஆண்டே கியூபா சென்று வந்திருந்தார். பிற்காலத்தில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது ஹவானாச் சுருட்டு.

யாழ்ப்பாணச் சுருட்டு

தமிழரின் இன்னொரு சுருட்டு மரபு யாழ்ப்பாணத்தில் வளர்ந்தது. அங்கு புகையிலை முதன்மையான பணப்பயிர். இலையைக் குடிலில் தொங்கவிட்டுத் தேங்காய்ப் பொச்சுமட்டையை எரித்துப் புகையூட்டிப் பாடம் செய்வர். மெல்லும் புகையிலை திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியானது. சுருட்டு தென்னிலங்கைக்குச் சென்றது. சிங்களப் பகுதிகளில் யாழ்ப்பாணத்தார் நடத்திய கடைகளுக்குச் 'சுருட்டுக்கடை' என்றே பெயர் நிலைத்தது. திருச்சிச் சுருட்டு ஐரோப்பியரை நம்பி வளர்ந்தது; யாழ்ப்பாணச் சுருட்டு உள்நாட்டு உழைப்பாளரை நம்பி வளர்ந்தது.

படையலில் சுருட்டு

தமிழ்நாட்டுக் கிராமங்களில் கருப்பசாமி, முனீஸ்வரன் போன்ற காவல் தெய்வங்களுக்கு மதுவுடன் சுருட்டும் படைக்கும் வழக்கம் உண்டு. சாமியாடுபவர் சுருட்டுப் புகைத்தபடி குறி சொல்வதும் உண்டு. மலேசியா, சிங்கப்பூர் தமிழரிடமும் இவ்வழக்கம் தொடர்கிறது. இரவில் ஊரைச் சுற்றிவரும் காவலனுக்கு அவன் விரும்புவதையே கொடுப்பது இப்படையலின் உள்ளுணர்வு.

தொழிலாளரும் சட்டமும்

சுருட்டுவோர் பெரும்பாலும் எண்ணிக்கைக்குக் கூலி பெற்றவர்கள். நாள் முழுதும் குனிந்து அமர்ந்து, புகையிலைத் தூளைச் சுவாசித்து வேலை செய்தனர். 1966இல் இயற்றப்பட்ட பீடி, சுருட்டுத் தொழிலாளர் (வேலை நிலைமைகள்) சட்டம் வேலை நேரத்தை நாளுக்கு 9 மணி, வாரத்திற்கு 48 மணி என வரையறுத்தது. 14 வயது நிறையாத சிறாரை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. சட்டத்தின் பெயரில் சுருட்டு இருந்தாலும், அப்போதே பீடித் தொழிலாளர் எண்ணிக்கைக்கு முன் சுருட்டுத் தொழிலாளர் சிறுபான்மையராகிவிட்டனர்.

உடல்நலக் கேடு

சுருட்டின் புகையை உள்ளிழுக்காவிட்டால் கேடில்லை என்ற நம்பிக்கை தவறானது. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்குச் சுருட்டு ஒரு காரணம். ஆந்திரக் கடற்கரையின் சில பகுதிகளில் பெண்கள் எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் 'சுட்ட' புகைக்கும் பழக்கம் உண்டு. அவர்களிடம் மேலண்ணப் புற்றுநோய் மிகுந்திருப்பதை மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. எவ்வளவு நன்றாகப் பேணினாலும் சுருட்டின் இந்த இயல்பு மாறுவதில்லை.

இன்றைய நிலை

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயந்திரத்தில் உருவான சிகரெட்டும், மலிவான பீடியும் சுருட்டின் இடத்தைப் பிடித்தன. 1947க்குப் பின் ஐரோப்பிய வாடிக்கையாளர் குறைந்தனர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்தையும் 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும் தடுத்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பதற்கான தடை விரிவாக்கப்பட்டது. சுருட்டுத் தயாரிப்பில் அந்நிய நேரடி முதலீட்டிற்கும் தடை உண்டு.

உறையூரில் ஃபென் தாம்ப்சன் நிறுவனம் பழைய முறையின் தொடர்ச்சியாக அறியப்படுகிறது. வேலைக்குப் புதிதாகக் கற்க வருவோர் அரிது. பெருநகரங்களில் சுருட்டைச் சேகரித்துப் பெட்டியில் பேணும் சிறு வட்டம் இருந்தாலும், அப்பெட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் கியூபா, டொமினிக்கன் குடியரசு, நிகரகுவா நாட்டுச் சுருட்டுகளே. அவற்றின் பெயர்களைப் பிழையின்றிச் சொல்லும் தமிழ்ச் சேகரிப்பாளருக்கும், 'செரூட்' என்ற சொல் தன் மொழியிலிருந்து சென்றது என்பதும், ஹோம்ஸ் சாம்பலில் அடையாளம் கண்டது உறையூர்க் கைவேலை என்பதும் பல நேரங்களில் புதிய செய்தியாகவே இருக்கிறது.